மறைவதற்கு ஒரு விளக்கு

கோடாரி மீன் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பக்கத்திலிருந்து பார்த்தால் உடம்பு முழுக்க வெள்ளிப் பூச்சு; முன்னாலிருந்து பார்த்தால் தகடாக இளைத்திருக்கும். இரண்டு கண்களும் குழாய் வடிவில் மேலே பார்த்தபடி அமைந்திருக்கின்றன. மீனைப் புரட்டி வயிற்றின் ஓரத்தைப் பார்த்தால், அங்கே சிறு சிறு குழாய்கள் வாய் கீழே திறந்தபடி வரிசையாக நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். ஒளியை உண்டாக்கும் திசு மேலே ஓர் அறைக்குள் இருக்கிறது. அங்கிருந்து வரும் வெளிச்சம் குழாய்க்குள் இறங்கி, உட்சுவரில் பதிந்த பளபளப்பான படலத்தில் பட்டுத் திரும்பி, நிறத்தை வடிகட்டும் திசுவைக் கடந்து நீலமாக வெளியே வருகிறது. கீழ்நோக்கித்தான் வருகிறது. மீன் இரை தேடுவதோ மேலே பார்த்து. கண் பார்க்கும் பக்கம் விளக்கு எரிவதில்லை, விளக்கு எரியும் பக்கம் கண் பார்ப்பதில்லை. எதையாவது பார்ப்பதற்காக ஏற்றிய விளக்கு இதுவல்ல என்பதற்கு உடலமைப்பே சாட்சி. இணையை அழைக்கவோ இரையை இழுக்கவோ ஏற்றியது என்றும் சொல்ல முடியவில்லை. அதற்கு நிறத்தையும் திசையையும் இவ்வளவு நுணுக்கமாகத் திருத்த வேண்டிய அவசியம் இல்லையே.

ஆழ்கடல் வெளிச்சத்தைப் பற்றிப் பத்திரிகைகளிலும் ஆவணப்படங்களிலும் வருவது பெரும்பாலும் தூண்டில் மீனின் கதைதான். தலைக்கு முன்னால் ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, அதை நோக்கி வருவதை விழுங்கும் அந்தக் கோரப்பல் மீன் படத்துக்கு நன்றாக எடுபடும். அதனால் அதுவே எல்லாவற்றுக்கும் பிரதிநிதியாகிவிட்டது. இந்த அத்தியாயம் வைக்கும் வாதம் அதற்கு நேர்மாறானது. ஆழ்கடல் விலங்கு ஒளியை உண்டாக்குவது பெரும்பாலும் பிறர் கண்ணில் படாமல் இருப்பதற்கு, பட்டுவிட்டால் தப்பிப்பதற்கு. வேட்டைக்கும் இணை சேர்வதற்கும் பயன்படும் ஒளியும் உண்டு, ஆனால் மொத்தத்தில் அது சிறுபான்மை. வாதத்தின் பாரம் முழுவதும் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் மேல்தான் இருக்கிறது. ஆகவே ஒன்றிரண்டு விசித்திர உயிர்களைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. நடுக்கடல் நீரில் மிதந்து திரியும் சாதாரணக் கூட்டத்தைப் பார்த்தாக வேண்டும்.

அந்தக் கூட்டத்தை எண்ணிப் பார்த்தவர்கள் செவ்ரீன் மார்ட்டினியும் ஸ்டீவன் ஹேடாக்கும். கலிஃபோர்னியாவில் உள்ள மான்டெரே விரிகுடா மீன்காட்சியக ஆய்வு நிறுவனம் 17 ஆண்டுகளாக எடுத்துவந்த நீரடிக் காணொளிகளில் பதிவான 3,50,000க்கும் மேற்பட்ட விலங்குகளை அவர்கள் வகைப்படுத்தி 2017இல் வெளியிட்டார்கள். மேற்பரப்பிலிருந்து 3,900 மீட்டர் ஆழம் வரை, நீர்ப்பரப்புக்கு நடுவே வாழ்பவற்றில் 76 சதவீதம் ஒளிரக்கூடியவை. ஆழம் கூடினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே கடலின் தரையில் வாழும் விலங்குகளைத் தனியாக எண்ணியபோது கிடைத்த விகிதம் 30 முதல் 41 சதவீதம்தான். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள இடைவெளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தரையில் வாழும் பிராணிக்கு மணல் இருக்கிறது, பாறை இடுக்கு இருக்கிறது, புதைந்துகொள்ளச் சேறு இருக்கிறது. நடுநீரில் எதன் பின்னால் போய் ஒளிவது? மறைவிடமே இல்லாத இடத்தில் விளக்குகள் பெருகியிருக்கின்றன. மறைவிடம் கிடைக்கும் இடத்தில் குறைந்திருக்கின்றன. இது நிரூபணம் ஆகாது என்றாலும், எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டுகிறது.

தேடலை இயற்பியலிலிருந்து தொடங்குவது நல்லது. தெளிந்த பெருங்கடல் நீரில் ஏறத்தாழ 75 மீட்டருக்கு ஒருமுறை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 450 மீட்டர் இறங்கினால் மேலே இருந்ததில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சிவப்பும் மஞ்சளும் முதலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. கடைசிவரை தாக்குப்பிடிப்பது 470, 480 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீலம். இந்த மங்கல் வெளிச்சத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு: சூரியன் கிழக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும், ஆழத்தில் அது தலைக்கு நேர் மேலிருந்தே இறங்குகிறது. மேலிருந்து வருவது கீழிருந்து திரும்பி வருவதைவிடச் சுமார் 200 மடங்கு பிரகாசமானது. பக்கவாட்டில் பார்ப்பவனை வெள்ளிப் பூச்சு ஏமாற்றிவிடும், ஏனென்றால் அந்தக் கண்ணாடி காட்டும் வெளிச்சமும் மீனுக்குப் பின்னால் உள்ள வெளிச்சமும் ஒன்றுபோலவே இருக்கும். கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனிடம் அது பலிக்காது. உச்சி வானத்தில் பறக்கும் வெள்ளைக் கொக்கும் கருத்துத்தான் தெரிகிறது. வெளிச்சத்துக்குக் குறுக்கே வரும் எதற்கும் நிழலுரு உண்டு. உடம்பைத் தகடாக்கினால் நிழலுரு சிறுத்துப்போகும், காணாமல் போகாது. அது காணாமல் போக ஒரே வழி, தன் உடம்பு மறைத்துவிட்ட அதே அளவு வெளிச்சத்தை, அதே நிறத்தில், அதே திசையில், வயிற்றிலிருந்து தானே வெளியிடுவது.

1963இல் டபிள்யூ. டி. கிளார்க் இந்த யோசனையை நடுக்கடல் விலங்குகள் பலவற்றுக்கும் பொதுவான விளக்கமாக முன்வைத்தார். அதை அளந்து பார்த்தவர்கள் இங்கிலாந்தின் எரிக் டென்டனும் அவருடைய கூட்டாளிகளும். கோடாரி மீனின் ஒளியுறுப்புகளிலிருந்து வெளிச்சம் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகிறது என்று அவர்கள் 1972இல் வெளியிட்ட அளவீடுகள், கடலுக்குள் பகல் வெளிச்சம் பல கோணங்களில் பரவியிருக்கும் விதத்தோடு ஒத்துப்போயின. நேர் கீழே அதிகம், சாயச் சாயக் குறைவு. அந்தக் குழாய்களும் படலமும் எதற்கு என்ற கேள்விக்கு அப்போது விடை கிடைத்தது. இன்னொரு சின்ன விவரமும் உண்டு. இந்த வகை மீன்களுக்குக் கண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஒளியுறுப்பு இருக்கிறது. அதன் வெளிச்சம் மீனின் சொந்தக் கண்ணுக்குள்ளேயே விழுகிறது. மேலிருந்து வரும் வெளிச்சத்தையும் தன் விளக்கின் பிரகாசத்தையும் ஒப்பிட்டுக்கொள்ள அது உதவுகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. விளக்கை ஏற்றினால் மட்டும் போதாது, திரியைச் சரியான அளவில் வைக்கவும் தெரிய வேண்டும்.

உடலமைப்பை வைத்து எதையும் நியாயப்படுத்திவிடலாம் என்பவர்களுக்கு உயிருள்ள விலங்கிடம் செய்த சோதனையே பதில். ஹவாய்ப் பக்கத்துக் கடலில் பிடித்த சிறு கணவாய்களைத் தொட்டியில் விட்டு, ரிச்சர்ட் யங்கும் கிளைடு ரோப்பரும் மேலே வைத்த விளக்கைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். 1976இல் வெளியான அந்த ஆய்வில், மேல் வெளிச்சம் கூடினால் கணவாயின் வயிற்று வெளிச்சமும் கூடியது, குறைந்தால் குறைந்தது. மேல் விளக்கை அணைத்துவிட்டால் கணவாயும் தன் விளக்கை அணைத்துவிட்டது. காட்டிக்கொள்வதற்கான விளக்கு என்றால் இருட்டில்தானே எரிய வேண்டும்? இது இருட்டில் அணைகிறது. யங் 1980இல் இன்னொன்றையும் கண்டார். இந்தக் கணவாய்கள் பகலில் ஆழத்தில், குளிர்ந்த நீரில் இருக்கும். இரவில் மேலேறி வெதுவெதுப்பான நீருக்கு வந்துவிடும். அங்கே நிலவொளி, ஆழத்துப் பகல் வெளிச்சத்தைப் போல ஒரே நீலமாக இருப்பதில்லை. நீரின் வெப்பத்துக்கு ஏற்பக் கணவாயின் வெளிச்சமும் நிறம் மாறுகிறது. பகலுக்கு ஒரு நிறம், இரவுக்கு ஒரு நிறம்.

ஓயாமல் விளக்கெரிக்க ஆகும் செலவு கட்டுப்படியாகுமா என்ற ஆட்சேபத்துக்கு மேலே சொன்ன கணக்கிலேயே பதில் இருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்துக்கு ஈடுகொடுக்க மினுக்கென்ற விளக்கே போதும். நண்பகலில் மேற்பரப்புக்கு அருகில் இந்த வித்தையைச் செய்ய எந்த மீனாலும் முடியாது, செய்யவும் இல்லை. பொழுது விடிந்ததும் கோடிக்கணக்கான விலங்குகள் ஆழத்துக்கு இறங்குவதும் பொழுது சாய்ந்ததும் ஏறுவதும், தம் விளக்குக்குக் கட்டுப்படியாகும் வெளிச்சத்திலேயே இருக்கும்படி நடக்கின்றன என்று பார்த்தால் அந்தத் தினசரிப் பயணம் இன்னும் நன்றாகப் புரியும். எரிபொருளும் கையிலிருந்து செலவழித்துச் செய்ய வேண்டியதாக எல்லோருக்கும் இல்லை. லூசிஃபெரின் என்று பொதுப்பெயர் கொண்ட பொருள்கள் நொதியின் உதவியோடு ஆக்சிஜனுடன் வினைபுரியும்போது வெளிச்சம் பிறக்கிறது. கடலில் மிகப் பரவலான லூசிஃபெரின், சீலன்டரசின். ஒசாமு ஷிமோமுராவுக்கு 2008இல் நோபல் பரிசு வாங்கித்தந்த ஏக்குவோரியா ஜெல்லி மீனே அதைத் தன் உடம்பில் செய்துகொள்வதில்லை, உணவிலிருந்துதான் பெறுகிறது என்று ஹேடாக்கும் கூட்டாளிகளும் 2001இல் காட்டினார்கள். சாப்பாட்டோடு எரிபொருள் வந்துவிடுகிறது. கதிர்த்துடுப்பு மீன்களில் மட்டும் ஒளிரும் திறன் 27 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இங்கே ஒரு கூர்மையான எதிர்வாதம் எழுகிறது. சீலன்டரசின், செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் வகைகளை முடக்கும் நல்ல காப்புப் பொருள். முதலில் அந்த வேலைக்காகவே உடம்பில் தங்கியது, வெளிச்சம் அதன் உபரி விளைவுதான் என்ற கருதுகோள் 1998இல் முன்வைக்கப்பட்டது. அப்படியானால் எல்லா ஒளிக்கும் நோக்கம் தேடுவது வீண் அல்லவா? தோற்றத்தைப் பொறுத்தவரை அந்தக் கருதுகோள் சரியாகவே இருக்கலாம். ஆனால் உபரியாகக் கசியும் வெளிச்சத்துக்குக் குழாயும் வடிகட்டியும் எதிரொளிக்கும் படலமும் பூட்ட வேண்டியதில்லை. தொடக்கம் வேறு, இன்றைய பயன் வேறு. போரிக்திஸ் என்ற மீன் இதற்குச் சுவையான உதாரணம். அமெரிக்காவின் மேற்குக் கரையோரம் வாழும் இதன் உடம்பில் நூற்றுக்கணக்கான ஒளியுறுப்புகள் உண்டு, ஆனால் பியூஜெட் சவுண்ட் பகுதியில் பிடிபடுபவை ஒளிர்வதில்லை. உறுப்பில் குறையில்லை, ஒளிரும் சிறு ஓட்டுடலி ஒன்றிலிருந்து கிடைக்க வேண்டிய லூசிஃபெரின் அந்த நீரில் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஓட்டுடலியைத் தின்னக் கொடுத்தால் மீன் ஒளிரத் தொடங்கிவிடுகிறது. இந்த மீனின் வயிற்று வெளிச்சம் வேட்டையாடிகளிடமிருந்து பாதுகாப்புத் தருகிறது என்று 1999இல் ஹார்ப்பரும் கேஸும் சோதனையில் காட்டினார்கள். வெளிச்சமில்லாத பியூஜெட் சவுண்ட் மீன்கள் பிழைத்துத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். ஆழம் குறைந்த நீரில், பகலில் மணலில் புதைந்து கிடக்கும் மீனுக்கு அது முடியும். நடுக்கடல் கோடாரி மீனுக்கு மணல் ஏது?

மறைப்பவன் இருக்கிறான் என்பதற்குத் துப்பறிபவனின் கருவிகளும் சான்றாகும். நடுக்கடல் மீன்கள் சிலவற்றின் கண்வில்லை மஞ்சளாக இருக்கிறது. வெளிச்சமே அரிதான இடத்தில் கிடைக்கும் நீலத்தையும் தடுக்கும் வில்லை எதற்கு? மேலிருந்து வரும் சூரிய ஒளி கிட்டத்தட்டத் தூய நீலம். விலங்கின் வயிற்று வெளிச்சத்தில் பச்சை கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருக்கலாம். மஞ்சள் வில்லை நீலத்தை வெட்டிவிட்டால் பச்சை மிஞ்சி நிற்கும், மறைந்திருந்த வயிறு புள்ளிபுள்ளியாகத் தெரிந்துவிடும். மன்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1976இல் தந்த விளக்கம் இது. கோடாரி மீனின் நிறவடிகட்டிக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம் என்பதும் இதிலிருந்து விளங்கும். ஹிஸ்டியோட்யூதிஸ் என்ற கணவாயிடம் இந்தப் போட்டி முகத்திலேயே தெரிகிறது. அதன் இடது கண் பெரியது, மேலே பார்ப்பது, சிலவற்றில் வில்லை மஞ்சள். வலது கண் சிறியது, கீழே பார்ப்பது. கேட் தாமஸும் கூட்டாளிகளும் 2017இல் போட்ட கணக்குப்படி, மேலே மங்கலான பின்னணியில் நிழலுருவைத் தேடும் கண் பெரிதாகப் பெரிதாக ஆதாயம். கீழே இருட்டில் மின்னும் புள்ளிகளைப் பார்க்கும் கண்ணுக்குப் பெரிதாவதால் அவ்வளவு ஆதாயம் இல்லை. ஒளித்துவைக்க எதுவும் இல்லாவிட்டால் இந்தக் கண்களுக்கு வேலையே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் சூரிய வெளிச்சம் கொஞ்சமாவது எட்டும் 1,000 மீட்டர் வரைக்கும்தான். அதற்குக் கீழே நிழலுருவே கிடையாது, ஆனால் ஒளிரும் விலங்குகளின் விகிதம் அங்கேயும் குறையவில்லை. இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய மிக வலுவான ஆட்சேபம் இதுதான். அந்த ஆழத்தில் வெளிச்சம் எப்போது தோன்றுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கத் தொடங்கும். பிரான்சின் தூலோன் கரைக்கு அப்பால் 2,475 மீட்டர் ஆழத்தில் நியூட்ரினோ துகள்களைப் பிடிப்பதற்காக அன்டாரெஸ் என்ற தொலைநோக்கியை அமைத்திருந்தார்கள். 885 நுண்ணொளி உணரிகள் இருட்டில் கண்கொட்டாமல் காத்திருந்தன. இயற்பியலாளர்களுக்கு இடைஞ்சலாக வந்தது விலங்குகளின் வெளிச்சம். நீரோட்டம் வேகமெடுக்கும்போதெல்லாம் அந்த வெளிச்சமும் கூடியது. மிதந்து வரும் உயிர்கள் கம்பிகளிலும் உணரிகளிலும் மோதும்போது மின்னுகின்றன. நீர்மூழ்கியில் இறங்கியவர்கள் சொல்வதும் இதைத்தான். விளக்கை அணைத்துக் கலம் அசையாமல் நின்றால் சுற்றிலும் பெரும்பாலும் இருட்டு. கலம் நகர்ந்தால் நாலாபுறமும் மின்னல். தொட்டால்தான் ஒளிர்கிறது என்றால், தொட்டவனுக்கான பதில் அது.

பதில்கள் பலவிதம். வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஆய்வு செய்த இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் 1888 முதல் இயற்கையியலாளராக இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், ஹெட்டிரோகார்ப்பஸ் என்ற ஆழ்கடல் இறால் நீலமாக ஒளிரும் திரவத்தைப் பீய்ச்சியதையும், வாளித் தண்ணீருக்குள் இருந்ததெல்லாம் அந்த வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்ததையும் பதிவு செய்திருக்கிறார். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முன்னால் அப்படி ஒரு மேகம் வெடித்தால் துரத்தி வந்தவன் திகைத்து நிற்பான். இறால் அதற்குள் பின்னோக்கிப் பாய்ந்து போயிருக்கும். வாம்பைரோட்யூதிஸ் என்ற ஆழ்கடல் உயிர் மையைக் கக்குவதில்லை, இருண்ட கடலில் கருமை எதற்கு? ஒளித்துகள்கள் நிறைந்த கோழையைக் கக்குகிறது. ஆக்டோபோட்யூதிஸ் கணவாய் கையின் நுனியை அறுத்து விட்டுவிட்டு ஓடுகிறது, அறுந்த நுனி தனியே ஒளிர்ந்துகொண்டிருக்கும். 2009இல் விவரிக்கப்பட்ட ஸ்விமா புழுக்கள் பச்சையாக ஒளிரும் சிறு உருண்டைகளை உதிர்த்துவிட்டு இருட்டில் நழுவுகின்றன. எனிப்னியாஸ்டெஸ் என்ற நீந்தும் கடல் அட்டையின் தோல் இவை எல்லாவற்றையும்விடக் குரூரமான ஆயுதம். தாக்கியவன் மேல் அந்தப் பசைத்தோல் ஒளிர்ந்தபடி ஒட்டிக்கொள்ளும். இனி இருட்டில் எல்லோர் கண்ணிலும் படப்போவது அவன்தான்.

அவனை மாட்டிவிடுவதே நோக்கமாக இருக்கலாம் என்று 1943இலேயே பர்க்கன்ரோடு சொன்னார்: என்னைத் தின்பவனைக் காட்டிக்கொடுக்க நான் கூச்சல் போடுகிறேன், அவனைத் தின்பவன் வரட்டும். 2019 ஆகஸ்ட்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியபோது திரண்ட கூட்டம் பார்த்தது, நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர் அலையில் கலங்கும்போது போட்ட கூச்சலைத்தான். இந்தக் கருத்தை 1993இல் ஆபிரகாம்ஸும் டவுன்சென்டும் தொட்டியில் சோதித்தார்கள். ஒளிரும் ஒற்றைச் செல் உயிர்கள் இருந்த நீரில், அவற்றை மேயும் நுண் ஓட்டுடலிகளை மீன்கள் எளிதாகப் பிடித்தன. ஆழ்கடலில் அதைச் சோதித்தவர் ஈடித் விடர். அட்டோலா என்ற ஜெல்லி மீனைச் சீண்டினால் நீல வெளிச்சம் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடும். விடர் அதைப் போலவே நீல விளக்குகள் சுழலும் ஒரு கருவி செய்து, விலங்குகளின் கண்ணுக்குத் தட்டுப்படாத செவ்வொளியில் இயங்கும் கேமராவோடு 2004இல் மெக்சிகோ வளைகுடாவில் இறக்கினார். விளக்கு சுழலத் தொடங்கிய 86 விநாடிகளில் ஆறு அடிக்கும் மேல் நீளமான ஒரு கணவாய் வந்தது. அறிந்த எந்தக் குடும்பத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. 2012இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே அதே உத்திதான் ராட்சதக் கணவாயை அதன் இருப்பிடத்திலேயே முதன்முதலாகக் காணொளியில் பிடிக்க உதவியது. ஜெல்லி மீனைத் தின்னத்தான் வந்திருக்கும் என்று சொல்பவர்களுக்கு விடர் தரும் பதில், கணவாய் தாவியது விளக்கின் மீதல்ல, அதன் பக்கத்தில் இருந்த பெரிய பொருளின் மீது என்பது. எனக்கு அந்த ஒரு காட்சியைவிடத் தொட்டிச் சோதனையே கூடுதல் நம்பிக்கை தருகிறது, ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் சாய்கின்றன.

வேட்டைக்காரர்களின் விளக்கைப் பார்க்கலாம். தூண்டில் மீனின் விளக்கு பார்க்கப்படுவதற்காகவே தொங்குவது. அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் விளக்கை விட்டுவிட்டு மீனைப் பாருங்கள். கேரன் ஆஸ்பார்னும் கூட்டாளிகளும் 2020இல் 16 ஆழ்கடல் மீன் இனங்களின் தோலை அளந்தபோது, மேலே விழும் ஒளியில் அரை சதவீதத்துக்கும் குறைவாகவே அவை திருப்பி அனுப்பின. ஓனிரோடெஸ் என்ற தூண்டில் மீன் திருப்பி அனுப்பியது வெறும் 0.04 சதவீதம். தோலில் கருநிறத் துகள்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் அளவும் வடிவமும் ஒன்றில் பட்டுச் சிதறும் ஒளி அடுத்ததில் போய் மாட்டும்படி இருக்கின்றன. புகைப்படம் எடுக்கப்போன ஆஸ்பார்னுக்குப் படத்தில் மீன் விழவே இல்லை என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் தொடக்கம். மாலகோஸ்டியஸ் என்ற டிராகன் மீன் கண்ணுக்குக் கீழே செவ்விளக்கு வைத்திருக்கிறது. 700 நானோமீட்டரைத் தாண்டும் அந்தச் சிவப்பு அங்கே வாழும் மற்றவர்கள் கண்ணில் ஏறக்குறைய விழுவதே இல்லை. இந்த மீன் மட்டும் பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருளைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கிறது என்று 1998இல் கண்டறிந்தார்கள். டார்ச் அடித்துத் தேடுபவனும் தன் டார்ச் தெரியக்கூடாது என்றே பார்த்துக்கொள்கிறான்.

பிறர் விளக்கிலிருந்து மறைவதும் இதே கணக்கில் சேரும். ஜாப்பெடெல்லா என்ற சிறு ஆக்டோபஸ் சாதாரணமாகக் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். நீல வெளிச்சம் பட்டதும் சடாரென்று செம்பழுப்பாகிவிடுகிறது. தெளிந்த உடம்பு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சிடும், செந்நிறம் நீல ஒளியை விழுங்கிவிடும். ஆழ்கடல் மீன்கள் பலவற்றின் குடல் உள்ளே கருப்பாகவும், ஜெல்லி வகைகள் சிலவற்றின் வயிறு இரத்தச் சிவப்பாகவும் இருப்பதற்கும் காரணம் இதுவே: விழுங்கிய இரை உள்ளே கிடந்து மின்னினால் விழுங்கியவன் கதை முடிந்தது.

விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது பாக்டீரியா. ஒளிரும் பாக்டீரியாக்கள் தொட்டாலும் தொடாவிட்டாலும் விடாமல் எரிபவை, மறைவதில் அவற்றுக்கு அக்கறையே இல்லை. 2012இல் சாரூபினும் கூட்டாளிகளும் செங்கடலில் எய்லாட் பகுதியில் செய்த ஆய்வின்படி, அவை தின்னப்படவே விரும்புகின்றன. மீனின் குடலைப் போல ஊட்டமான இடம் அவற்றுக்கு வேறில்லை. அவற்றைத் தொட்ட சிறு ஓட்டுடலிகள் ஒளிரத் தொடங்கி, இரவில் வேட்டையாடும் மீன்களுக்கு இரையாகின. இரண்டாவது இடம் இன்னும் பெரியது: விளக்கு மீன்கள். ஆழ்கடலில் ஏராளமாக உள்ள இந்தக் குடும்பத்தில் சுமார் 250 இனங்கள் உண்டு. இவற்றின் வயிற்றுப் புள்ளிகள் இனத்துக்கு இனம் அவ்வளவாக வேறுபடுவதில்லை. மறைவதற்கு எல்லோருக்கும் ஒரே விடைதான். பக்கவாட்டுப் புள்ளிகளோ ஒவ்வோர் இனத்துக்கும் தனி அடையாளம். இப்படி இனத்துக்கென்று தனி ஒளிக்குறி உள்ள கிளைகளில் புதிய இனங்கள் வேகமாகப் பெருகியிருக்கின்றன என்று டேவிஸும் கூட்டாளிகளும் 2014இல் காட்டினார்கள். தன் இனத்தை அடையாளம் காண ஒளி பயன்படுகிறது என்பதை இதற்குப் பிறகு மறுப்பது வீம்பு. ஒரே உடம்பில் இரண்டு வேலை நடக்கிறது. பக்கத்துப் புள்ளி பேசும் நேரம் கொஞ்சம். வயிற்றுப் புள்ளியோ மேலே வெளிச்சம் இருக்கும்வரை ஓயாமல் உழைக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் முறையைப் பற்றியது. 76 சதவீதம் என்ற எண், ஒளிரக்கூடியவை எத்தனை என்று சொல்கிறதே தவிர, எப்போது எதற்காக ஒளிர்கின்றன என்று சொல்வதில்லை. அந்தக் காணொளிகளும் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்கோடு போன கலங்கள் எடுத்தவை. 1934இல் பெர்முடா கடலில் 923 மீட்டர் இறங்கிய வில்லியம் பீபியிடமும் தேடுவிளக்கு இருந்தது. அப்படிப்பட்ட விளக்கின் கீழ் நாம் பார்ப்பது மிரண்ட விலங்கையா, இயல்பான விலங்கையா? 1999இல் பீட்டர் ஹெரிங்கும் கூட்டாளிகளும் அட்லான்டிக் நடுமுகட்டின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் இறால்களின் விழித்திரை, ஆய்வுக் கலங்களின் விளக்கால் நிரந்தரமாகப் பழுதாகிறது என்ற சந்தேகத்தை எழுப்பினார்கள். சீண்டித்தான் பார்க்கிறோம் என்றால், சீண்டலுக்கான பதிலே எங்கும் தெரிவது இயல்புதானே? இந்த ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, சீண்டாமல் கிடைத்த சான்றுகள் பதில் சொல்கின்றன. கணவாய்த் தொட்டியில் யாரும் கணவாயைத் தொடவில்லை, மேல் வெளிச்சத்தைத்தான் மாற்றினார்கள். மஞ்சள் வில்லையும் கருங்குடலும் எந்தக் கேமராவுக்காகவும் தோன்றவில்லை. இனி யாரும் தொடாமலே ஆழத்தில் அடிக்கடி ஒளிரும் விலங்குகளை இருட்டுக் கேமராக்கள் பதிவு செய்யத் தொடங்கினால், ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நானே அடித்துத் திருத்த வேண்டியிருக்கும். அதற்கான கேமராக்கள் செவ்வொளியை நம்புகின்றன. மாலகோஸ்டியஸ் பார்க்கும் நிறமும் அதுதான். அந்த மீனின் பழக்கத்தை அறிய விரும்புபவர்கள் செவ்விளக்கையும் அணைத்துவிட்டு, மீன் தானே தரும் வெளிச்சத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் உணரியோடுதான் இறங்க வேண்டும்.